பச்சைக் காரின் மட்டம்

டிக்கோயா
19.01.2025

றொக்சண்ணே,

நீங்க போன் எடுக்க மாட்டீங்கன்னு தெரியாம பதினாலு தடவ அடிச்சேன். அப்பறம்தான் ஒங்க அம்மா சொன்னாங்க, நவதுறவகத்துல ஒரு வருசத்துக்கு போன வாங்கிப் பூட்டி வச்சிருவாங்க, லெட்டர் மட்டும்தான் போடலாம்னு. எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கமில்ல. ஸ்கூல்ல லீவு லெட்டர் எழுதினதோட சரி. பேசுற மாதிரிதான் எழுதுவேன். பாதர் யாராச்சும் பிரிச்சு வாசிச்சா வாசிக்கட்டும், நான் ஒளிக்கிறதுக்கு ஒன்னுமில்ல.

நீங்க சாமியாராப் போறது ஒங்க இஷ்டம். ரெண்டு வருசமா போறேன் போறேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தீங்க. ஆனா நாள் பாத்தீங்களே, அதுதான் தாங்க ஏலல. டொக்டர் கல்ஹேனவோட பச்சைக் காருல எடது கதவுக்கு அடியில ஓடுற சில்ல வெட்டிப் போட்டுட்டு, அடுத்த நாள் காலையில பஸ் ஏறிட்டீங்க. நான் கராஜத் தொறந்து பாக்குறேன், கார் நடுவுல தொங்கிக்கிட்டு நிக்குது. எடது கதவு இறுகிப் போயிருக்கு. சம்மட்டியால தட்டினாலும் அசையல.

மத்த காருன்னா கூரை தாங்கும். இதுக்குக் கூரை இல்ல. செசின்னு ஒரு அடிச்சட்டமும் தனியா இல்ல. கதவுக்கு அடியில ஓடுற ரெண்டு இரும்புப் பெட்டி, அதுதான் சில்லு, நடுவுல ஒரு மேடு, ஒரு தரைத்தகடு. அம்புட்டுதான் அதுக்கு எலும்புன்னு நீங்கதான சொன்னீங்க. அந்த எலும்புல ஒன்ன வெட்டிட்டுப் போனா மிச்சம் என்னாத்துக்கு நிக்கும்?

நேத்து டொக்டர் வந்தாரு. நான் பயந்துகிட்டு நின்னேன். அவரு கத்தல. பல்லு பாக்குறவங்க கத்த மாட்டாங்க போல. சிங்களத்துல மெதுவா சொன்னாரு: மார்ச் எட்டாந்தேதி வருவாராம். பின்பக்கம் ஒரு மூலையில ஜாக் போட்டுத் தூக்குவாராம். சக்கரம் தரைய விட்டதுக்கப்பறமும் ரெண்டு கதவும் ஒரு வெரல்ல தொறந்து ஒரு வெரல்ல மூடணுமாம். மூடிச்சுன்னா ஏப்ரல்ல நுவரெலியாவுல நடக்குற மலையேத்தப் போட்டிக்கு இதுலதான் போவாராம். வீட்டுல நிக்கிற மத்த ரெண்டு பழைய காரையும் என் கையிலயே குடுப்பாராம். மூடலன்னா லொறியில ஏத்தி கொழும்புக்கு.

பத்திநாதன் பாஸ் அதோட ஒன்னு சேத்துக்கிட்டாரு. லொறி வந்தா அந்த நாளோட கராஜுல எனக்கு வேலை இல்லையாம். அவருக்கு பஸ் இஞ்சின் போதுமாம், பொம்பளப் புள்ள கையில வெல்டிங்கக் குடுத்துட்டு ஊருக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்க ஏலாதாம்.

எல்லாரும் என்னைய காலேஜுலருந்து ஓடி வந்தவன்னு சொல்றாங்க. ஆமா, ஓடித்தான் வந்தேன். அஞ்சு மாசம் போல்ட்டு படம் வரைய வச்சாங்க, வெல்டிங் டோர்ச்சக் கண்ணுல காட்டல. ஆனா இங்கயிருந்து ஓட மாட்டேன். ஓடுறதுக்கு நீங்க ஒரு ஆள் போதும்.

ஒங்க மேல இருக்குற கோவம் தனி. அத அப்பறம் பேசிக்கலாம். இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க: நான் எங்க இருந்து ஆரம்பிக்க?

நிலக்ஷி

*

நவதுறவகம், கண்டி
27.01.2025

அன்பு நிலக்ஷிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். பாதர் பிரிக்கவில்லை. உறை கொஞ்சம் எண்ணெயாக இருந்ததால் இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தார்.

நான் செய்தது சரியில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், அது சுலபம்.

முதலில் எதையும் வெட்டாதே. இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே இரண்டு குழாய் வைத்துத் தற்காலிகமாக ஒட்டு. வாசலின் அளவு மாறாமல் அது பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் காரின் நடு வயிற்றில் ஜாக் வைத்து மெல்ல மெல்ல ஏற்று. கதவின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒன்றாகும்வரை ஏற்ற வேண்டும். அவசரப்படாதே. உனக்கு இந்தச் சொல் பிடிக்காது என்று தெரியும்.

சில்லைப் பழையபடி இரண்டு தகட்டில் கட்டாமல் உள்ளே மூன்றாவது தகடு ஒன்றை நிற்க வை. பெட்டிக்குள் ஒரு சுவர் மாதிரி. தொழிற்சாலையில் புள்ளிப் புள்ளியாக ஒட்டிய மடிப்புகள் எல்லாம் அறுபது வருடத்தில் தளர்ந்திருக்கும். அவற்றின் மேல் ஓர் அங்குலம் வெல்ட், இரண்டு அங்குலம் இடைவெளி, மறுபடி ஓர் அங்குலம் என்று தையல் போட்டுக்கொண்டே போ. ஒரே பக்கமாகப் போனால் சூட்டில் தகடு வளையும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாற்றி மாற்றி அடி.

நேற்று சாப்பாட்டு அறையில் பிஸ்கட் பெட்டி காலியானது. மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் முறுக்கினேன், சுலபமாக முறுகியது. மூடியைப் போட்டு முறுக்கினேன், அசையவில்லை. அந்தக் காரின் நடு மேடும் அப்படித்தான், அடியில் திறந்து கிடக்கிறது. அதற்கு ஒரு மூடி செய்து போல்ட்டால் இறுக்கு. கடைசியாகக் காரின் அடியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு குழாய், முன் மூலையிலிருந்து எதிர்ப் பின் மூலைக்கு. மேசையில் இருந்த எல்லாரும் நான் பிஸ்கட் பெட்டியை முறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வெல்ட் அடிக்கும் முன் நான்கு மூலையும் மட்டமாக நிற்க வேண்டும். மட்டம் தவறினால் மற்றது எல்லாம் வீண்.

உன்னால் முடியும் என்று எழுதினால் ஆறுதலுக்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். உன் வெல்ட் என்னுடையதைவிட நல்லது. இதை அங்கே இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

றொக்சன்

*

டிக்கோயா
16.02.2025

றொக்சண்ணே,

கடைசி வரிய பாஸுக்கு வாசிச்சுக் காட்டினேன். சாமியாரானவங்க பொய் சொல்லக் கூடாதேன்னாரு.

முதல்ல நடுவுல ஜாக் போட்டு ஏத்தினேன். ஒரு நாளைக்கு ரெண்டு சுத்துக்கு மேல ஏத்தல. என்னைய நானே கட்டி வச்ச மாதிரி இருந்திச்சு. ஆறாவது நாள் கதவு டக்குன்னு ஒரு சத்தம் போட்டுத் தானாத் தொறந்திச்சு. நான் அப்ப பிளேன்டீ குடிச்சிக்கிட்டிருந்தேன். கப்பப் போட்டுட்டு ஓடினேன். அதுக்கப்பறம்தான் வாசலுக்குக் குழாய ஒட்டினேன்.

அண்ணே, இந்தக் கார அக்கு அக்காப் பிரிச்சுப் பாத்தா மண்ட சுத்துது. இம்புட்டு மெல்லிசு தகட்ட வச்சு எப்படிடா ஒருத்தன் கார் செஞ்சான்னு முதல்ல சிரிச்சேன். அப்பறம் பாக்குறேன், எங்கயும் ஒரு தகடு சும்மா இல்ல. இங்க ஒரு மடிப்பு, அங்க ஒரு குழி, எல்லாமே எதையாச்சும் தாங்குது. சீட்டுக்குப் பின்னால இருக்குற பலகைய நான் சாமான் வைக்கத்தான்னு நெனச்சேன். அது இல்லன்னா பின் சக்கரம் ரெண்டும் ஒன்னுக்கொன்னு சண்ட போடும். வலது சில்லுக்குள்ள ஒரு எடத்துல, வெளிய யார் கண்ணுக்கும் படாத எடம், ஒருத்தன் மூலைய வட்டமா அரம் போட்டு விட்டிருக்கான். அங்க கூர் இருந்தா வெடிப்பு வரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன் பேரு கூட யாருக்கும் தெரியாது. நான் என் மூணாவது தகட்டுலயும் அதே மாதிரி அரம் போட்டேன். கட்டாயமில்ல. போடணும் போல இருந்திச்சு.

எடது சில்லு முடிஞ்சு. வலது பாதி. மடிப்பெல்லாம் தையல் போட்டு வாறேன், நீங்க சொன்ன மாதிரி மாத்தி மாத்தி. கையெல்லாம் பொத்துப் பொத்துன்னு சுட்டுப் போயிருக்கு.

டொக்டர் வெள்ளச் சட்டையோட வந்து சாக்க விரிச்சுப் படுத்துட்டாரு. பையிலருந்து பல்லு பாக்குற குட்டிக் கண்ணாடிய எடுத்து, சில்லுக்குப் பின்னால விட்டு, நான் அடிச்ச வெல்ட்டோட மறுபக்கத்தப் பாத்தாரு. மறுபக்கம் வரைக்கும் உருகி எறங்கியிருக்கான்னு பாக்குறாராம். எந்திரிச்சு என்னைய பாஸ் நங்கின்னு, பாஸ் தங்கச்சின்னு கூப்பிட்டாரு. தொழில் தெரிஞ்ச எல்லாரையும்தான் பாஸ்னு கூப்பிடுறாங்க, என்னைய இதுதான் முதல் தடவ.

ஒங்க மேல கோவம் இன்னும் இருக்கு. கொஞ்சம் கொறஞ்சிருக்கு, அம்புட்டுதான்.

நிலக்ஷி

*

நவதுறவகம், கண்டி
24.02.2025

அன்பு நிலக்ஷிக்கு,

அரம் போட்ட மூலையைப் பற்றி நீ எழுதியதை இங்கே ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். பிறகு பாதருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பிள்ளை வேறு என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். என் மேல் கோபம் என்று சொன்னேன். அது உறைக்கு வெளியேயே கேட்கிறது என்றார்.

அடிக்குழாய் இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு தகட்டை வைத்து ஒட்டு. முனைகளை வெறும் தரைத்தகட்டில் ஒட்டாதே, கிழிந்துவிடும். சக்கரக் கைகள் வந்து பிடிக்கும் தடித்த இடங்களில் மட்டும் ஒட்டு. மற்றதை நீயே கண்டுபிடிப்பாய். நான் எழுதும் வேகத்தைவிட நீ வேலை செய்யும் வேகம் கூட.

எட்டாம் திகதி காலை நான் இங்கே தோட்டத்தில் கரட் பாத்தியில் இருப்பேன். நினைத்துக்கொண்டிருப்பேன்.

றொக்சன்

*

டிக்கோயா
09.03.2025

றொக்சண்ணே,

மூடிருச்சு.

முதல்ல அத சொல்லிட்டேன். இனி ஆறுதலா வாசிங்க.

டொக்டர் ஒம்பது மணிக்கு வந்தாரு. ஜாக்க அவரே தூக்கிக்கிட்டு வந்தாரு, என்கிட்ட குடுக்கல. பின்பக்கம் எடது மூலையில போட்டு ஏத்த ஆரம்பிச்சாரு. பின் சக்கரம் தரைய விட்டுச்சு. முன்னாடியெல்லாம் இப்படித் தூக்கினா பின்பக்கம் மட்டும்தான் ஏறும், முன்பக்கம் எனக்கென்னான்னு நிக்கும். இப்ப என்னா தெரியுமா? முன் எடது சக்கரமும் கூடவே எழும்பிச்சு. முழுக் காரும் ஒத்தக் கட்ட மாதிரி எழும்புது. பாஸ் வாயத் தொறந்துகிட்டு நிக்கிறாரு. டொக்டர் போயி சுண்டு வெரல கதவுல வச்சாரு. தொறந்திச்சு. தள்ளினாரு. பெட்டி மூடுற மாதிரி ஒரு சின்னச் சத்தம். மறுபக்கமும் அதே.

டொக்டர் கதவ ஏழு தடவ தொறந்து தொறந்து மூடினாரு. அப்பறம் மத்த ரெண்டு காரும் சித்திரைக்கப்பறம் வரும்னு பாஸ்கிட்ட சொன்னாரு. என்கிட்ட சொல்லல, பாஸ்கிட்டத்தான். ஆனா என்னையப் பாத்துக்கிட்டுதான் சொன்னாரு. முப்பதாந்தேதி வந்து கார எடுத்துட்டுப் போவாராம்.

வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட சொன்னேன். அம்மாவோட கம்பாலதான் எல்லாம்னு சொன்னேன். நீங்க நாலு மூலையும் மட்டமா இருக்கணும்னு எழுதினீங்களே, அத நான் சும்மா விடல. அம்மாவோட மட்டக்கம்பக் கொண்டாந்தேன், தேயிலக் கொழுந்து எடுக்கும்போது செடி மேல வச்சுப் பாக்குற அதே கம்பு. அதுல பதினெட்டு இஞ்சிக்கு ஒரு வெட்டுப் போட்டு, தரையிலருந்து நாலு ஸ்டாண்டும் சரியா அந்த வெட்டுக்கு வச்சேன். ஒரு நூல், அரைக்கால் இஞ்சி கூட, வித்தியாசம் இல்ல. அதுக்கப்பறம்தான் வெல்ட்ட அடிச்சேன். மலையில கங்காணி மட்டம் பாத்து எடு, மட்டம் பாத்து எடுன்னு கத்துறது இதுக்குத்தான் ஒதவிச்சு.

கோவம் தீந்திருச்சு. ஒங்க பாதருக்கு சொல்லுங்க.

நிலக்ஷி

*

நவதுறவகம், கண்டி
15.03.2025

நிலக்ஷி,

மூன்று நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார் முறுகி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொழுந்து மலையில் மட்டம் என்றால் நிலத்தோடு ஒத்துப்போவது. மலை சரிந்தால் செடியின் மேற்பரப்பும் அதோடு சரிய வேண்டும், அங்கே அதுதான் சரி. என் அப்பா மேசன். எங்கள் வீட்டில் மட்டம் என்றால் தண்ணீர் நிற்கும் மட்டம். தரை எப்படிப் போனாலும் அதற்குக் கவலை இல்லை. நான் தண்ணீர் மட்டம் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

கராஜின் தரையை நினைத்துப் பார். முன் பாதி றோட்டுப் பக்கம், இடதுக்குச் சரிகிறது. பின் பாதி பழைய லொறிக் குழியை மூடிய இடம். அது ஓடைப் பக்கம், வலதுக்குச் சரிகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் இரண்டாகப் பிரிந்து ஓடுமே. அந்தத் தரையிலிருந்து நான்கு ஸ்டாண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் காரின் முன்பக்கம் இடதுக்கும் பின்பக்கம் வலதுக்கும் சாய்ந்திருக்கும். சில்லை வெட்டிய கார் ஈரத் துணி மாதிரி, எப்படி வைத்தாலும் அப்படி உட்காரும். அந்த நிலையில் உலகத்திலேயே நல்ல வெல்டை அதன் மேல் அடித்துவிட்டாய்.

கதவு மூடும். முறுகிய பெட்டியும் இறுக்கமான பெட்டிதான். ஆனால் றோட்டில் முன் சக்கரங்களில் ஒன்று எப்போதும் பாரம் குறைந்து நிற்கும். ஒரு பக்க வளைவில் கார் நன்றாகப் பிடிக்கும். மற்றப் பக்க வளைவில், மலையில், ஈரத்தில், என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

நான் நினைப்பது தவறாக இருக்கலாம். தவறாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கராஜ் பின்சுவரில் என் அப்பாவின் தண்ணீர் டியூப் தொங்குகிறது, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அளந்து பார்.

றொக்சன்

*

டிக்கோயா
20.03.2025

றொக்சண்ணே,

நீங்க அங்க கரட் பாத்தியில குந்திக்கிட்டு இங்க இருக்குற தரை எந்தப் பக்கம் சரியுதுன்னு சொல்றீங்க. இங்க இருந்தப்ப சொல்லியிருக்கலாமே. நான் கையச் சுட்டுக்கிட்டு, வெல்டிங் வெளிச்சத்துல கண்ணு எரிஞ்சு உருளக்கெழங்குத் தோல வச்சுக்கிட்டுப் படுத்து, ரெண்டு மாசம் கஷ்டப்பட்டதுக்கு ஒரு சொல்ல விட்டுட்டேன்னு எழுதுறீங்க. நான் அளக்க மாட்டேன். கதவு மூடிச்சு. டொக்டருக்குச் சந்தோசம். நீங்க ஜெபம் பண்ணுங்க.

23ஆந்தேதி

மேல எழுதினத போஸ்ட் பண்ணல. கிழிக்கவும் மனசில்ல. அதனால அதுலயே தொடருறேன்.

அளந்தேன். டியூபோட மறுமுனையப் பாஸ் பிடிச்சாரு. முன்னால ரெண்டு பக்கத்தையும் தண்ணி மட்டத்துக்குக் கொண்டாந்துட்டு பின்னால பாத்தேன். வலது பக்கம் மூணு நூல் எறங்கி நிக்குது. ரெண்டு தடவ பாத்தேன். டியூபுக்குள்ள காத்துக் குமிழ் இருக்கும்னு ஒதறிட்டு மறுபடி பாத்தேன். மூணு நூல்தான்.

கோவத்துல அழுகை வரும்னு நெனச்சேன், வரல. அந்த மூணு நூலுக்கு நடுவுல ஒரு பென்சில விட்டுப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன்.

பாஸ் சொன்னாரு, "கதவு மூடுதில்ல? நீயும் வாய மூடிக்க." அவரு கெட்ட மனுசன் இல்ல. டொக்டர் வருசத்துல ஒரு நாள், அஞ்சு நிமிசம் ஓட்டப் போறாரு, மத்த நாளெல்லாம் கார் போர்வைக்குள்ளதான் நிக்கும்னு சொல்றாரு. இதச் சொன்னா மத்த ரெண்டு காரும் வராது, நீயும் இருக்க மாட்டே, இந்தக் காரும் லொறியில போயிரும்னு சொல்றாரு. அவரு சொல்றதுல ஒன்னும் பொய்யில்ல.

டொக்டர் கண்ணாடிய வச்சுப் பாத்தாலும் இது தெரியாது. கொழும்புல பாத்தாலும் தெரியாது. ஒங்களுக்கும் எனக்கும் பாஸுக்கும்தான் தெரியும். வர்ற ஞாயித்துக்கெழம அவரு வாறாரு.

நீங்க என்னா சொல்றீங்க? பைபிள் வசனம் எழுதி அனுப்பினா இனிமே லெட்டர் போட மாட்டேன்.

நிலக்ஷி

*

நவதுறவகம், கண்டி
28.03.2025

அன்பு நிலக்ஷிக்கு,

வசனம் ஒன்றும் எழுதவில்லை. இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உனக்குக் கிடைக்காது என்றும் தெரியும். இன்றுதான் உன்னுடையது வந்தது. ஆகவே என்ன செய் என்று சொல்லும் தொல்லை எனக்கு இல்லை. என்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதல் கடிதத்தில் பேனா நகரவில்லை என்று எழுதினேனே, அந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

ஜனவரி இரண்டாம் திகதி மத்தியானத்தோடு நீ வீட்டுக்குப் போய்விட்டாய். மறுநாள் நீ வரும் முன் சில்லை வெட்டி முடித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். குழாய் ஒட்டவில்லை. நடுவில் ஜாக் வைக்கவில்லை. உனக்கு எழுதியது எதையும் நான் செய்யவில்லை. வெட்டு முடிந்ததும் கார் ஒரு சத்தம் போட்டது. மரம் முறிகிற மாதிரி இல்லை, ஆள் முனகுகிற மாதிரி. கதவைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

சாயந்தரம் வீட்டுக்குப் போய், நாளைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதார், அப்பா கோயிலுக்குப் போனார். பங்குக் கோயிலில் எல்லாரும் அழைத்தல் வந்துவிட்டது என்று கைகொடுத்தார்கள். கடவுள் கூப்பிட்டாரா, பச்சைக் கார் துரத்தியதா என்று மூன்று மாதமாக எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். நேற்று பாதரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் பாரம் குறைந்து நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் சரிபார்க்க முடியும் என்றார். உன் கடிதங்களை வாசித்து அவருக்கும் இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கதவு இறுகியது என்னால். நீ உன்னைச் சந்தேகப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

றொக்சன்

*

டிக்கோயா
06.04.2025

றொக்சண்ணே,

ஒங்க லெட்டர் வியாழக்கெழம வந்திச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு.

கதவ நீங்கதான் இறுக்கினீங்கன்னு எனக்கு ஜனவரியிலயே தெரியும். வெட்டப் பாத்தா யாரு கைன்னு தெரியாதா? நீங்க வெட்டுற கோடு எப்பவும் கடைசியில ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவும், அவசரம். நான் சொல்லல, நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க. இனி அத விடுங்க. அங்க இருக்கணும்னா இருங்க. காருக்குப் பயந்து மட்டும் இருக்க வேணாம், அது சாகல.

சனிக்கெழம காலையில போயி வெட்டிட்டேன். முதல்ல கதவு வாசலுக்குக் குழாய் ஒட்டினேன், நடுவுல ஜாக் வச்சேன், அப்பறம்தான் வெட்டினேன். அடியில இருக்குற பெருக்கல் குறிய நாலு மூலையிலயும் கழட்டினேன். ரெண்டு சில்லையும் குறுக்க அறுத்தேன். அண்ணே, என் வெல்ட்ட அறுக்குறது அம்புட்டு கஷ்டம். நல்லா அடிச்சிருந்தேன். கிரைண்டர் தட்டு அஞ்சு தேஞ்சிருச்சு. பாஸ் வாசல்ல நின்னு பாத்துட்டு பஸ் இஞ்சினுக்குப் போயிட்டாரு.

ஏன் வெட்டினேன்னு கேட்டா, பெரிய காரணம் இல்ல. அந்த வட்டமா அரம் போட்டவன் இருக்கானே, அவன் போட்ட மூலைக்குப் பக்கத்துல என் மூணு நூல் இருக்குறது பிடிக்கல. அம்புட்டுதான்.

ஞாயித்துக்கெழம டொக்டர் மகன்கூட வந்தாரு, கார ஓட்டிக்கிட்டுப் போக. பாத்தா கார் வெட்டின சில்லோட ஸ்டாண்டுல நிக்குது. நான் பேச்செல்லாம் சிங்களத்துல மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், எல்லாம் மறந்து போச்சு. முறுக்கி ஒட்டிட்டேன், நீங்க பாத்திருந்தாலும் தெரியாது, அதனால வெட்டிட்டேன்னு சொன்னேன். மட்டக்கம்பு கதையயும் சொன்னேன். மகன் சிரிச்சான். அவரு சிரிக்கல.

குட்டிக் கண்ணாடிய எடுத்துக்கிட்டுக் கீழ படுத்தாரு. அறுத்த எடத்தப் பாத்தாரு. வெல்ட் மறுபக்கம் வரைக்கும் எறங்கியிருக்குறது இப்ப வெளியவே தெரியுது. இதையா நீ வெட்டினேன்னு கேட்டாரு. ஆமான்னேன். எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. டீக்கடையில குந்தியிருந்தாரு. அர மணித்தியாலம். பாஸ் என்னையப் பாக்கவே இல்ல. நான் என் கையுறையக் கழட்டி, டோர்ச்சத் தொடச்சு, அதோட எடத்துல தொங்க விட்டேன். வேற என்னா பண்ண?

திரும்பி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ஓட்டியிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்?

எடது வளைவுல நல்லா இருக்கும், வலது வளைவுல முன்னால வழுக்கும், ஒங்க கை சரியில்லன்னு நெனச்சிருப்பீங்கன்னு சொன்னேன்.

"பதினாறு வருசமா அப்படித்தானே நெனச்சிக்கிட்டிருக்கேன்," அப்படின்னாரு, தமிழ்ல. அவருக்குத் தமிழ் இம்புட்டு வரும்னு எனக்குத் தெரியாது. அப்பறம்தான் மகன் சொன்னான், அப்பா ஒவ்வொரு வருசமும் கடைசிலருந்து ரெண்டாவதா வருவாராம். வெட்டுறதுக்கு முந்தியே இந்தக் கார் ஒவ்வொரு வளைவுலயும் தன்பாட்டுக்கு வளைஞ்சுகிட்டுதான போயிருக்கும். அது யாருக்கும் தோணல.

இந்த ஏப்ரல் போச்சுன்னு அவரே சொன்னாரு. அவருக்குக் கஷ்டமாத்தான் இருந்திச்சு, மொகத்துல தெரிஞ்சிச்சு. அப்பறம் கைக்கடிகாரத்தக் கழட்டி மகன்கிட்ட குடுத்துட்டு, அந்த டியூப எப்படிப் பிடிக்கிறதுன்னு கேட்டாரு. நான் முன் எடது மூலையில ஒரு முனையப் பிடிச்சேன். அவரு மறுமுனைய எடுத்துக்கிட்டுப் பின் வலது மூலையில முட்டி போட்டாரு. இன்னும் ஒரு நூல் மேல, கொஞ்சம் கீழ, நிறுத்துங்கன்னு நான் சொல்றேன், பல்லு டொக்டர் செய்யிறாரு. ஒரு மணித்தியாலம். வேற வேற கனத்துல தகடு தகடா வச்சு ஏத்தினோம். இப்ப நாலு ஸ்டாண்டும் நாலு உயரம். பாக்குறவங்க கோணலா நிக்குதும்பாங்க. தண்ணி நாலு எடத்துலயும் ஒரே கோட்டுல நிக்குது.

திங்கக்கெழம சில்லுல ஆரம்பிச்சேன். இன்னைக்கு எடது பக்கம் முடிஞ்சு.

மத்த ரெண்டு காரப் பத்தி அவரு அன்னைக்குப் பேசல. நானும் கேக்கல. போகும்போது வாசல்ல நின்னு தரையக் கொஞ்ச நேரம் பாத்தாரு. இத யாரு போட்டதுன்னு பாஸ்கிட்ட கேட்டாரு. பாஸ், தன்னோட அப்பான்னாரு. அந்த ரெண்டு காரும் வர்றதுக்குள்ள இத ஒடச்சுப் புதுசாப் போடணும்னு சொல்லிட்டு, வந்த கார்ல ஏறிட்டாரு.

ஒங்க அப்பாவ வரச் சொல்லியிருக்கேன். வருசப்பொறப்பு முடிஞ்சதும் ஆரம்பிக்கிறாராம். மட்டம்னா என்னான்னு நான் அவருகிட்ட முதல்லயே பேசிக்கிட்டேன்.

நிலக்ஷி